பெப்லம் கவிழுது, தோள் நாடக வேஷம் மாதிரி நிக்குது: சீனக் கட்டடக்கலையை க்ளோ 3டி-யில் உடுப்பாக்குவது எப்படி?

வண்ணை_பேட்டர்ன் (பழைய வண்ணாரப்பேட்டை)

எல்லாருக்கும் வணக்கம். சீன மரக் கட்டடங்களை அடிப்படையா வெச்சு ஒரு டிஜிட்டல் கலெக்‌ஷன் பண்ணிட்டிருக்கேன். க்ளோ 3டி-யில் (உடுப்பைத் திரையில வெட்டித் தைச்சுப் பாக்கற மென்பொருள்) வேலை, ரெண்டரும் அதிலேயே. முதல் உடுப்பு முன்திறப்பு ஜாக்கெட். இடுப்பிலிருந்து கூரை மாதிரி விரியுற பெப்லம், தோளில் தூண் தலைக்கு மேலே வருமே அந்த மரக்கட்டை அடுக்கு, முதுகில் ஜன்னல் பின்னல் வெட்டு. இடுப்பு 70 செ.மீ.

மூணு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்குது:

பெப்லம் முக்கால் வட்டமா வெட்டியிருக்கு. சிமுலேஷன் ஓட்டினா கீழ்விளிம்பு தொங்கிடுது, கூரையோட அந்த மிதப்பு வரல. பெண்டிங்கை (துணி வளையாம எதிர்க்கற விறைப்பு) உச்சத்துக்கு ஏத்தினா வெறும் அட்டைக் கூம்பு.

தோள் அடுக்கை ஒரு புகைப்படத்தைப் பார்த்து மாடல் பண்ணினது. செங்கல்லை அடுக்கி ஒட்டின மாதிரி இருக்கு.

ஓடு டெக்ஸ்சர் இடுப்புகிட்ட ஒரு மாதிரி, கீழே வேற மாதிரி ஓடுது.

இன்னொண்ணு: இந்த ஒரு ஜாக்கெட்டை மட்டும் நிஜமா ஒரு பீஸ் தைக்கணும். தைக்கப்போறது எம்.சி. ரோடு கடைகளுக்கு ரெடிமேட் போடுற சின்ன யூனிட்ல. அதனால கட்டிங் மாஸ்டர் கையில கொடுக்கக்கூடிய அளவுகளா சொன்னா நல்லது. "டிராகன் போடுங்க, சிவப்பு போடுங்க" வகை யோசனை வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய கிடைச்சாச்சு.

---

கூரைக்கணக்கு

பெப்லத்தை மட்டும் எடுத்துக்கறேன், அதுலதான் விஷயம் இருக்கு.

மெட்டீரியல் செட்டிங்கைத் திருகுறதுக்கு முன்னாடி வளைவோட திசையைப் பாருங்க. துணி இடுப்பில் விரிஞ்சு கிளம்பி, கீழே போகப் போகச் செங்குத்தாகும். சீனக் கூரை நேர் எதிர். முகட்டுகிட்ட செங்குத்து, இறவாணத்துக்கு (கூரையோட கீழ்விளிம்பு) வர வரத் தட்டை. புவியீர்ப்பு துணியை எங்கே கொண்டுபோகுமோ அதுக்கு எதிர்த்திசையில நீங்க கேக்கறீங்க. முக்கால் வட்டத் துண்டு ஒண்ணே ஒண்ணு இதைத் தராது, எவ்வளவு விறைப்பா வெச்சாலும் ஒரே சரிவுள்ள கூம்புதான் கிடைக்கும். சரிவு மாறணும்னா வளையம் வளையமா வெட்டணும்.

எத்தனை வளையம், எவ்வளவு சரிவு என்பதுக்குக் கணக்கே இருக்கு. சீனாவை ஆண்ட சோங் வம்ச அரசு 1103-ல் வெளியிட்ட கட்டட விதிநூல் யிங்சாவ் ஃபாஷி, தொகுத்தவர் லி ஜியே. அதுல கூரை வளைவுக்கு ஜூச்செ என்ற முறை. அரண்மனை வகைக் கட்டடத்துக்கு, முன் இறவாணச் சட்டத்திலிருந்து பின் இறவாணச் சட்டம் வரை உள்ள தூரத்தில் மூணில் ஒரு பங்கு கூரை உயரம். முகட்டிலிருந்து இறவாணத்துக்கு நேர்கோடு போடு. முதல் படுக்கைச் சட்டத்தை அந்தக் கோட்டிலிருந்து உயரத்தில் பத்தில் ஒரு பங்கு இறக்கு. இறக்கின புள்ளியிலிருந்து மறுபடி இறவாணத்துக்கு நேர்கோடு, அடுத்த சட்டத்தை இருபதில் ஒரு பங்கு இறக்கு. அதுக்கடுத்தது நாற்பதில் ஒரு பங்கு. அவ்வளவுதான். வளைவுன்னு நாம பாக்கிறது உண்மையில நேர்த்துண்டுகள் சேர்ந்தது. பேட்டர்ன் போடுறவங்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேணும்?

உங்க அளவுக்குப் போட்டா: ஒரு பக்க விரிவு 24 செ.மீ.-ன்னு வெச்சுக்கலாம், நாலு படி, ஒவ்வொண்ணும் 6 செ.மீ. மொத்த அகலம் 48, அதுல மூணில் ஒண்ணு 16 செ.மீ. உயரம். முதல் இறக்கம் 1.6, அடுத்தது 0.8, அப்புறம் 0.4. விளிம்பை பூஜ்யமா வெச்சா உயரங்கள் மேலிருந்து 16, 10.4, 6.13, 2.67, 0. சரிவுக் கோணம் மேலிருந்து 43, 35.4, 30, 24 டிகிரி.

70 செ.மீ. இடுப்புக்கு ஆரம் 11.14. ஒவ்வொரு வளையமும் ஒரு வெட்டுக்கூம்பு, தட்டையா விரிச்சா வட்டத்துண்டு. அளவுகள், தையல் மிச்சம் சேர்க்காம:

வளையம் 1: உள் ஆரம் 15.24, வெளி ஆரம் 23.45, கோணம் 263.2 டிகிரி.
வளையம் 2: 21.03, 28.40, 293.4 டிகிரி.
வளையம் 3: 26.72, 33.65, 311.7 டிகிரி.
வளையம் 4: 31.89, 38.46, 329 டிகிரி.

சேரும் விளிம்புகளோட நீளம் வரிசையா 107.7, 145.4, 183.1. ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுதான்னு க்ளோவில் தையல் நீளத்தைப் பாருங்க. அரை செ.மீ. வித்தியாசம் இருந்தாலே அந்த மூட்டில் சுருக்கம் விழும், கூரைக்கோடு போச்சு. கடைசி விளிம்பு 220.8.

மூட்டுத் தையல்ல ஃபோல்ட் ஆங்கிளையும் (மடிப்புக் கோணம்) கொடுத்துடுங்க. 180-ன்னா தட்டை. முதல் மூட்டுக்கு 7.6, ரெண்டாவதுக்கு 5.4, மூணாவதுக்கு 6 டிகிரி மாத்தணும். 172-ஆ 188-ஆ என்பது உங்க துண்டு எந்தப் பக்கம் பாக்குதுங்கறதைப் பொறுத்தது. முதல் மூட்டில் மட்டும் போட்டுப் பாத்துட்டு மத்ததுக்குப் போங்க. தப்பான பக்கம் கொடுத்தா பெப்லம் பூசணி மாதிரி உப்பும், உடனே தெரிஞ்சிடும்.

---

மெஷ்_பெரம்பூர்

மேல சொன்ன வளையக் கணக்கு அருமை, அதை அப்படியே எடுத்துக்கங்க. செட்டிங் பக்கம் நான் சொல்றேன்.

நாலு வளையத்தையும் ஒரே நேரத்துல சிமுலேட் பண்ணாதீங்க. ஜாக்கெட் உடம்பை ஃப்ரீஸ் பண்ணிட்டு முதல் வளையத்தை மட்டும் ஓட விடுங்க, மத்ததெல்லாம் டீஆக்டிவேட். அது உட்கார்ந்ததும் அதையும் ஃப்ரீஸ், அடுத்தது. எல்லாம் சேர்த்து விட்டா கீழ் வளையத்தோட எடை தையல் மூடறதுக்கு முன்னாடியே மேல் வளையத்தை இழுத்துடும். அப்புறம் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் திரும்பாது.

பெண்டிங்கை மட்டும் ஏத்துறதுதான் எல்லாரும் பண்றது. பக்ளிங் ஸ்டிஃப்னஸ் குறைவா இருந்தா, துணி ஒரு அளவு வரைக்கும் தாங்கிட்டு மடிஞ்ச இடத்துல பொசுக்குனு பலம் விட்டுடும். ரெண்டையும் சேர்த்து ஏத்தணும். ஸ்கூபா (தடிச்ச பின்னல் துணி) அல்லது கனமான டெனிம் பிரிசெட்டிலிருந்து ஆரம்பிச்சா பாதி வேலை முடிஞ்சது. துண்டைத் தற்காலிகமா விறைப்பாக்கற ஆப்ஷன் வடிவம் பிடிக்கறதுக்கு உதவும். கடைசி ஓட்டத்துல அணைச்சிடுங்க, இல்லேன்னா அவதார் நடக்கும்போது பெப்லம் தகரமா ஆடும்.

சிலர் கிராவிட்டியைப் பூஜ்யமாக்கிட்டு ஸ்டில் எடுப்பாங்க. ஒரு போஸ்டருக்கு ஓகே. அனிமேஷன் இருந்தா முதல் அடியிலேயே குட்டு வெளிப்படும். உங்களுக்கோ தைக்கற பீஸும் வேணும், அதனால அந்தப் பக்கமே போகாதீங்க.

பார்ட்டிகிள் டிஸ்டன்ஸ் (மெஷ் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம், மி.மீ.-ல்): வடிவம் பார்க்க 20, மூட்டு சரிபார்க்க 10, கடைசிக்கு 5. இந்தப் பெப்லம் பரப்பு சுமார் 4,125 சதுர செ.மீ. வருது. 20-ல் ஏறக்குறைய 2,400 முக்கோணம், 10-ல் 9,500, 5-ல் 38,000. பாதியாக்கினா நாலு மடங்கு. கேம் அவதாருக்குப் போகுதுன்னா 5-ல் ஓட்டி நார்மல் மேப் (நுணுக்கத்தைப் படமா பதிச்சது) பேக் பண்ணி, 20-ல் இருக்கற மெஷ்ஷை அனுப்புங்க. அங்கே 5-ஐ அப்படியே அனுப்பினா திருப்பி அனுப்பிடுவாங்க.

டெக்ஸ்சர் கோணலா ஓடறதுக்குக் காரணம், துண்டு வட்டத்துண்டு, உங்க படம் நேர் கட்டம். நேர்க்கூரையில ஓட்டு வரிசைகள் ஒண்ணுக்கொண்ணு இணையா இறங்கும், அதைக் கூம்பு மேல ஒட்ட முடியாது. இதுக்கு சீனாவிலேயே விடை இருக்கு. பெய்ஜிங் சொர்க்கக் கோயிலில் நல்விளைச்சல் வேண்டும் மண்டபம் வட்டமானது, மூணு அடுக்குக் கூரை. அங்கே ஓட்டு வரிசை எண்ணிக்கை மேலேயும் கீழேயும் ஒண்ணுதான், மேலே போகப் போக ஓடு ஒடுங்கிட்டே வரும். அதையே பண்ணுங்க. 48 வரிசைன்னு வெச்சா கீழே ஓட்டு அகலம் 4.6 செ.மீ., இடுப்பில் 1.46. யூவி எடிட்டரில் வளையத்தை நேராக்கி ஒரு நீள்பட்டையா மாத்திட்டு, பட்டை அகலத்துக்கு 48 வரிசை போட்ட படத்தை வையுங்க. நாலு வளையத்துக்கும் அதே 48. மூட்டுக்கு மூட்டு கோடு ஒத்துக்கும்.

தோள் அடுக்குக்கு: துணியா பண்ணாதீங்க. பிளெண்டரில் (3டி மாடலிங் மென்பொருள்) மாடல் பண்ணி ஓபிஜே ஃபைலா எடுத்து, ட்ரிம் ஆக (பட்டன் மாதிரி தனியா ஒட்டற உறுப்பு) கொண்டுவந்து தோள் யோக்கில் (தோளை மூடற மேல்துண்டு) குளூ பண்ணிடுங்க. ட்ரிம் எடையைக் குறைச்சு வையுங்க, இல்லேன்னா யோக் பின்னாடி சரியும்.

---

தச்சுக்குறிப்பு

தோள் அடுக்கைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு விஷயம்: எந்தக் காலம், எந்த வட்டாரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். "சீனக் கட்டடக்கலை" என்ற பெயரில் வரும் டிஜிட்டல் உடுப்புகளில் பெரும்பாலானவற்றில் சூஜோ நகரத் தோட்டத்தின் வான் நோக்கிச் சுருளும் கூரை மூலை, பெய்ஜிங் அரண்மனையின் மஞ்சள் ஓடு, தாங் காலப் (618–907) பெரிய தூண்தலைத் தாங்கிகள் எல்லாம் ஒரே உடம்பில் இருக்கும். நாடக வேஷம் போல் தெரிவதற்கு முதல் காரணம் இந்தக் கலவைதான். சூஜோவில் வெள்ளைச் சுவரும் சாம்பல் ஓடும். மஞ்சள் மெருகோடு பேரரசருக்கு உரியது. அரண்மனை வளாகத்துக்குள்ளேயே வென்யுவான் நூலகத்துக்குக் கறுப்பு ஓடு போட்டார்கள், கறுப்பு நீரின் நிறம், தீயை அடக்கும் என்று. சொர்க்கக் கோயில் மண்டபத்தின் மூன்று அடுக்கும் நீலம். 1751-க்கு முன் அவை மூன்று வெவ்வேறு நிறமாக இருந்தன.

உங்கள் தோளுக்கு இரண்டே வழி. ஷான்ஷி மாகாணத்தில் வூதாய் மலையில் உள்ள ஃபோகுவாங் கோயிலின் கிழக்கு மண்டபம், 857-இல் கட்டியது, 1937-இல் லியாங் ஸ்செங்கும் லின் ஹுயியினும் கண்டறிந்து அளந்தது. அங்கே தாங்கியின் உயரம் தூண் உயரத்தில் ஏறக்குறைய பாதி. எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் பெரிது, சுமை எங்கே இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். சிங் காலத்திலோ (1644–1912) தாங்கிகள் சுருங்கி, நெருக்கமாக, இறவாணத்தின் கீழ் ஒரு சரிகைப் பட்டைபோல் ஓடும். தோள் தாங்கவேண்டிய உறுப்பாகத் தெரியவேண்டுமானால் தாங். காலர் விளிம்பு, மணிக்கட்டுப் பட்டைக்கு சிங். இரண்டையும் ஒரே ஜாக்கெட்டில் போடாதீர்கள்.

இப்போது அளவு. இந்தத் தாங்கிக்குப் பெயர் தோகோங். நம் கோயில் தூணில் போதிகை இருக்கும் இடத்தில் இருப்பது, ஆனால் கட்டைகளும் கைகளும் மாறிமாறி ஏறிக்கொண்டே வெளியே நீளும். யிங்சாவ் ஃபாஷியில் எல்லாம் ஒரு அலகிலிருந்து பிறக்கும். மரத்தின் குறுக்குவெட்டு 15 பங்கு உயரம், 10 பங்கு அகலம். ஒன்றன்மேல் ஒன்றாக வரும் மரங்களுக்கு நடுவே இடைவெளி 6 பங்கு. கட்டடத்தின் தரத்தைப் பொறுத்து எட்டு அளவு மரங்கள், பங்குக் கணக்கு மட்டும் மாறாது. நீங்கள் ஒரு பங்கை 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால்:

அடிக்கட்டை 32 க்கு 32, உயரம் 20. அந்த 20-இல் மேல் 8 காது (பள்ளத்தின் இருபுறமும் எழும் பகுதி), நடு 4 நேர், கீழ் 8 உள்வாங்கிய சரிவு. வெளியே நீளும் கை 72 நீளம். அதற்குக் குறுக்கே அடிக்கட்டையில் உட்காரும் கை 62. உச்சியில் இறவாணத்தோடு இணையாக ஓடும் கை 72. அடுக்கில் இரண்டாவதாக வரும் நீளக் கை 92. சிறு கட்டைகள் உயரம் 10: காது 4, நேர் 2, சரிவு 4. ஒவ்வொரு தட்டும் (கை, கட்டை சேர்ந்த ஒரு படி) வெளியே 30-க்கு மேல் நீளக்கூடாது. இரண்டு தட்டு போட்டால் தோள் நுனியிலிருந்து 60 மி.மீ. வெளியே. அது போதும், மூன்று போட்டால் அணிந்தவர் கையைத் தூக்கும்போது அவர் காதில் இடிக்கும்.

செங்கல் அடுக்காகத் தெரிவது ஏன்? நீங்கள் கட்டையின் முழு உயரம், அதன் மேல் கையின் முழு உயரம் என்று அடுக்கியிருப்பீர்கள். கை கட்டைக்கு மேல் உட்காருவதில்லை, கட்டைக்குள் உட்காருகிறது. காது இருபுறமும் கையைக் கவ்வும். ஆகவே 20 மி.மீ. அடிக்கட்டையில் கைக்குக் கீழே தெரிவது 12 மட்டும். சிறு கட்டையில் 10-க்கு 6 மட்டும். 15-உம் 6-உம் சேர்ந்து ஒரு தட்டு 21. இரண்டு தட்டுக்கு மொத்தம் 54 மி.மீ. இந்தக் கவ்வலை மாடலில் வெட்டியவுடன் அது கட்டமைப்பாகத் தெரியத் தொடங்கும், வேறு அலங்காரம் எதுவும் தேவைப்படாது.

கையின் நுனியை வட்டமாக உருட்டாதீர்கள். வெளியே நீளும் கைக்கு அடியில் நான்கு பட்டை முகங்கள், ஒவ்வொன்றும் 4 பங்கு. உச்சிக் கைக்கு ஐந்து. பாலிகனும் மிச்சம், விதியும் அதுவே.

ட்ரிம் ஆக ஒட்டச் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. முழு அடுக்கையும் ஒரே ஓபிஜே-யாக ஒட்டினால் இயந்திரக் கவசம் ஆகிவிடும். உண்மைத் தோகோங்கில் பசை கிடையாது. எல்லாம் துளையும் முளையும், இணைப்புக்கு இணைப்பு சிறிது அசையும். 1056-இல் எழுந்த யிங்ஷியன் மரக்கோபுரம் 67 மீட்டர் உயரத்தில் இன்னும் நிற்பதில் அந்த அசைவுக்கும் பங்கு உண்டு. அதனால் கட்டைகள் மட்டும் தனித்தனி ட்ரிம், கைகள் தடித்த துணிப்பட்டைகள், நடுவே 1 மி.மீ. இடைவெளி. அவதார் தோளைக் குலுக்கினால் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது நகரும்.

அடிக்கட்டை எங்கே உட்காரவேண்டும்? தூண் இருக்கும் இடத்தில். உடம்பில் அது தோள் எலும்பின் நுனி. காலர் எலும்புக்கு நடுவில் வைத்தால் கீழே தாங்க எதுவும் இல்லாமல் தொங்குவதாகத் தெரியும். யோக்கின் அடியில் ஒரு பேனல் கோட்டை அந்தப் புள்ளியிலிருந்து இடுப்பு வரை இறக்குங்கள், அதுதான் உங்கள் தூண். தூண் நேர்ச் செங்குத்தாக நிற்பதில்லை. முன்முகத்தில் உயரத்துக்கு நூற்றில் ஒரு பங்கு தலை உள்நோக்கிச் சாயும். 40 செ.மீ. கோட்டுக்கு 4 மி.மீ. பார்ப்பவர் கண்டுபிடிக்க முடியாது. சாய்க்காமல் விட்டால் மார்புப் பகுதி மேலே அகன்று பிதுங்கித் தெரியும்.

பெப்லத்தின் முன்திறப்பு மூலைகளைத் தூக்க நினைத்தால், சிங் காலத் தச்சர் கணக்கு: மூலைக் கைமரம் சாதாரணக் கைமரத்தின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு வெளியே, நான்கு மடங்கு மேலே. விட்டம் 1 செ.மீ. என்றால் 3 வெளியே, 4 மேலே. தூக்கல் கடைசிக் கால் பகுதியில்தான் தொடங்கவேண்டும். பெய்ஜிங் அரண்மனையில் இறவாணம் நடுவில் நேராக ஓடி மூலையில்தான் எழும். விளிம்பு முழுவதும் மெல்ல எழவேண்டுமென்றால் அது சோங் முறை, அதற்குத் தூண்களே நடுவிலிருந்து மூலைக்குச் சிறிது சிறிதாக உயரும். நீங்கள் ஜூச்செ வளைவு எடுத்திருப்பதால் சோங் முறைதான் பொருந்தும். அப்போது மூலையை நான்கு செ.மீ. எல்லாம் தூக்கவேண்டாம், மிகையாகிவிடும். வளையம் 4-இன் வெளிவிளிம்பை மட்டும் பின்நடுவிலிருந்து முன்திறப்பு வரை 2 செ.மீ. ஏற்றினால் போதும்.

நிறத்துக்கு ஒரு குறிப்பு. வெயில் படும் ஓட்டுக்கும் தூணுக்கும் சூடான நிறம், நிழல் விழும் இறவாணத்தின் அடிக்கு நீலமும் பச்சையும், ஒரு கண்ணறைக்கு (இரு தூணுக்கு இடைப்பட்ட பகுதி) அடுத்த கண்ணறையில் நீலமும் பச்சையும் இடம் மாறும். பெப்லத்தின் லைனிங்கை அப்படிப் பிரித்தால் நடக்கும்போது மட்டும் தெரியும்.

---

வண்ணை_பேட்டர்ன்

காது கவ்வுற விஷயம்தான் நான் தேடினது. மிக்க நன்றி. அடிக்கட்டையை மாத்தி வெட்டிப் பாத்தாச்சு, ஆளே மாறிடுச்சு.

முதுகு ஜன்னல் பின்னலுக்கும் யாராவது சொல்லுங்க. ரெஃபரன்ஸா எடுத்தது ரெண்டு: அரண்மனைக் கதவுல வர்ற அறுகோணப் பூ, அப்புறம் பனி வெடிச்ச மாதிரி கோணல்மாணல் கட்டம். எது நல்லது? தைக்கும் பீஸ்ல இதை லேசர்ல வெட்டலாமா? ரெக்சின்ல யோசிச்சிட்டிருக்கேன்.

---

மின்ட்_லேசர்

ரெக்சின் வேண்டாம். அது பிவிசி பூச்சு. லேசர் பட்டா குளோரின் கலந்த வாயு வரும், மூச்சுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். விவரம் தெரிஞ்ச கடைக்காரர் வாங்கவே மாட்டார். வாங்கறவர்கிட்ட நீங்க கொடுக்காதீங்க. பாலியெஸ்டர் ஸ்கூபா வெட்டுங்க, ஓரம் உருகித் தானா அடைச்சுக்கும், நூல் பிரியாது. காட்டன் கேன்வாஸ்னா ஓரம் பழுப்பாகும், வெளிர் நிறத்துல அசிங்கமாத் தெரியும்.

அறுகோணப் பூ, அரண்மனைகள்ல உயர்ந்த தரத்துக் கதவுக்கு வர்றது. மூணு திசைச் சட்டங்கள் 60 டிகிரியில வெட்டிக்கும், வெட்டற இடத்துல ஆறு இதழ். திரும்பத் திரும்ப வர்ற செவ்வகம் 1-க்கு 1.732. நிறைய பேர் சதுரப் படத்துல வரைஞ்சு சதுரமாவே போட்டுடறாங்க, பூ சப்பையாயிடும். படம் 2048 சதுரமாவே இருக்கட்டும், க்ளோவில் அகல உயரப் பூட்டை எடுத்துட்டு 40-க்கு 69.3 மி.மீ. கொடுங்க. சட்டம் 4 மி.மீ.-க்குக் குறையக்கூடாது. குறைஞ்சா ஸ்கூபா வெட்டும்போதே வெப்பத்துல இழுத்துக்கும்.

பனிவெடிப்புக் கட்டத்தை டெக்ஸ்சரா போடவே கூடாது, ரிப்பீட் பளிச்னு தெரியும். பேட்டர்ன் துண்டுக்குள்ள இன்டர்னல் லைனா வரைஞ்சு துளையா மாத்துங்க, அதையே டிஎக்ஸ்எஃப் ஃபைலா (கோட்டு வரைபட ஃபைல்) லேசருக்குக் கொடுத்துடலாம். வரையற விதி: பெரிய கோணக்கட்டங்களை முதல்ல போட்டு, ஒவ்வொண்ணையும் ஒரு கோட்டால பிரிச்சிட்டே போகணும். ஒரு புள்ளியில மூணு கோடுதான் சேரணும். நாலு சேர்ந்தா அது கம்பி வலையாத் தெரியும். முதுகுத்தண்டு கோட்டுல பெரிய கட்டம், பக்கவாட்டுல சின்னது. வெட்டின துணி இழுபடற இடம் தோள்பட்டை எலும்பு, அங்கே ஓட்டையே போடாதீங்க.

என் ஓட்டு பனிவெடிப்புக்கு. உங்க பெப்லம் ஏற்கெனவே 48 வரிசை ஒழுங்கோட இருக்கு, முதுகும் ஒழுங்கா இருந்தா மூச்சு முட்டும்.

---

தச்சுக்குறிப்பு

பனிவெடிப்பு தோட்ட வீட்டு ஜன்னல். அரண்மனை வகைக் கூரைக்கு அறுகோணப் பூதான் சேரும். மேலே நான் சொன்ன கலவைக் கோளாறு இதுவே.

---

மின்ட்_லேசர்

கட்டடத்துக்கு சரி, சார். உடுப்புல முன்னாடியும் பின்னாடியும் ஒரே நேரத்துல யாரும் பாக்கறதில்ல. இருந்தாலும் கூரை மஞ்சளா இல்லாம சாம்பலா இருந்தா ரெண்டும் ஒத்துப்போகும்னு நினைக்கறேன். முடிவு உங்களோடது, வண்ணை.

---

கேன்கேன்_தண்டையார்பேட்டை

தைக்கற பக்கத்தை யாரும் தொடல, அதனால நான்.

துணிக் கணக்கு: கூரைக்கணக்கு கொடுத்த வளையங்களைப் பாருங்க. 4-வது வளையத்தோட நடு ஓட்டைக்குள்ள 2-வது அடங்கும், 3-வதுக்குள்ள முதல் வளையம் அடங்கும். தையல் மிச்சம் 1 செ.மீ. சேர்த்தே அடங்குது. 44 இஞ்ச் பன்னாவுல (துணி அகலம்) ஒண்ணரை மீட்டர்ல மேல்துணி முடிஞ்சிடும், கையில 10 செ.மீ. கூட வெச்சுக்கங்க. லைனிங்குக்கு அதே அளவு.

ஆனா இப்படி முழு வளையமா வெட்டினா கிரெய்ன் (துணி நூலோட்டம்) சுத்தி வரும்போது மூணு நாலு இடத்துல பயாஸ் (நூலுக்குக் குறுக்குச் சாய்வு) விழும். அந்த இடமெல்லாம் ஒரு ராத்திரி மாட்டி வெச்சா தொங்கிடும். க்ளோவில் இது அவ்வளவாத் தெரியாது, ஹேங்கர்ல தெரியும். உள்ளே விறைப்புக்குக் கேன்வாஸ் ஒட்டப்போறீங்கன்னா ஒட்டுற கேன்வாஸோட கிரெய்னை 45 டிகிரி திருப்பி வையுங்க, துணி பயாஸா இருக்கற இடத்துல கேன்வாஸ் நேரா இருக்கும். அது போதலைன்னா ஒவ்வொரு வளையத்தையும் ஆறு துண்டாக்கி, துண்டு நடுவுல நேர்கிரெய்ன். அப்ப துணி ரெண்டு மீட்டருக்கு மேல போகும், ஓவர்லாக் வேலையும் கூடும். மாஸ்டர் முகம் சுளிப்பார், பரவாயில்ல.

பக்ரம் (விறைப்புக்கு உள்ளே வைக்கற துணி) விஷயத்துல ஜாக்கிரதை. கஞ்சி போட்ட சாதா பக்ரம் விலை குறைவு, கடையில விறைப்பா நிக்கும். நம்ம கடலோரக் காத்துக்கும் வேர்வைக்கும் அந்தக் கஞ்சி இளகிடும், மத்தியானத்துக்குள்ள கூரை கூடாரமாயிடும். ஒட்டுற பாலியெஸ்டர் கேன்வாஸ் வாங்குங்க, கோடவுன் தெரு பக்கம் மொத்தக் கடைகள்ல கேட்டுப் பாருங்க. ஒட்டும்போது அயர்னைத் தேய்க்காதீங்க, தூக்கித் தூக்கி வையுங்க. தேய்ச்சா வளைய விளிம்பு நீண்டு, அந்த 107.7 கணக்கு காலி. ஒட்டினதும் ஆறுறவரைக்கும் மேசையிலேயே தட்டையா கிடக்கட்டும்.

கேன்வாஸ் மட்டும் 24 டிகிரி சரிவைத் தாங்காது. பிளாஸ்டிக் போன் (உடுப்புக்குள்ள வைக்கற விறைப்புப் பட்டை) 12 போடுங்க, இடுப்பிலிருந்து விளிம்பு வரை ஒவ்வொண்ணும் 29 செ.மீ., மொத்தம் மூணரை மீட்டர். கீழே 18.4 செ.மீ.-க்கு ஒண்ணு வரும். எல்லாரும் சறுக்கற இடம் இதுதான்: போன் சுருள்ல வர்றதால ஒரு பக்கமா வளைஞ்சே இருக்கும், அந்த வளைவு கூரைக்கு எதிர்ப்பக்கமா உட்கார்ந்தா பெப்லம் உப்பிக்கும். நேராக்கிப் போட்டாலோ கூரை வளைவு மறைஞ்சு வெறும் கூம்பாகும். ஒரு அட்டையில கூரை வளைவை வரைஞ்சு, போனைத் துணிக்கு நடுவுல வெச்சு மிதமான சூட்டுல அயர்ன் பண்ணி, அந்தக் கோட்டுக்கு வளைச்சுப் பிடிச்சு, ஆறின பிறகு கையை விடுங்க. 12-ம் ஒரே கோட்டுக்கு வந்தாதான் விளிம்பு அலையாம நிக்கும். போன் நுனியை வட்டமா நறுக்கி மூடிடுங்க, இல்லேன்னா லைனிங்கைக் குத்திக்கிட்டு வெளியே வரும்.

விளிம்புல 2 இஞ்ச் கிரினோலின் பட்டை (விறைப்பான வலைநாடா) உள்பக்கமா, 2 மீட்டர் 25 செ.மீ. வாங்கினா போதும். அடியில கேன்கேன் (விறைப்பு வலைத்துணி) ஒரு அடுக்கு, ரெண்டு மேல் வளையத்துக்கு மட்டும். கீழ் வரைக்கும் கொடுத்தா லெஹங்கா ஆயிடும்.

கடைசியா, விளிம்புல ஓட்டு நுனி மாதிரி 48 தொங்கல் வைக்கப் போறீங்கன்னா உலோகம் வேண்டாம். ஒண்ணு 3 கிராம்னு வெச்சாலே கிட்டத்தட்ட 150 கிராம், அத்தனையும் ஓரத்துல இழுக்கும், கேன்வாஸ் விட்டுக்கொடுத்துடும். ரெண்டு அடுக்கு ஸ்கூபாவை ஒட்டி லேசர்ல வெட்டிடுங்க. க்ளோவில் அதுக்கு ட்ரிம் எடையா நிஜ எடையையே கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் மாஸ்டர்கிட்ட போங்க.